வட வேல்சில் முதலாம் எட்வர்டின் கோட்டைகள்: எவற்றைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது?

கலைச்செல்வி, பர்மிங்காம்

அனைவருக்கும் வணக்கம். வரும் பள்ளி விடுமுறையில் வட வேல்சில் உள்ள இடைக்காலக் கோட்டைகளைக் குடும்பத்துடன் சென்று பார்க்க எண்ணியிருக்கிறோம். பயண வழிகாட்டிகள் எல்லாமே கான்வி, கயர்நார்வன், ஹார்லெக், பியூமாரிஸ் என்ற நான்கு பெயர்களைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 1986இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்ததும் இந்த நான்கையும்தான் என்று படித்தேன். நான்கும் ஒரே காலத்தவை, ஒரே அரசன் கட்டியவை என்பதால், அடுத்தடுத்துப் பார்க்கும்போது ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு புரியாமல் வெறும் கல்சுவர்களாக நினைவில் கலந்துவிடுமோ என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது.

என் மகள் உயர்நிலைப் பள்ளியில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துப் படிக்கிறாள். என் மாமனாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. முழங்கால் வலியால் உயரமான படிகளில் ஏற முடியாது, ஆனால் வர மிகவும் ஆசைப்படுகிறார். எங்களிடம் கார் இல்லை. எவற்றை விடாமல் பார்க்க வேண்டும், அங்கே நின்று எதைக் கவனிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மதிலோரம், செஸ்டர்

வணக்கம் கலைச்செல்வி. போரின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் அந்தக் கலக்கம் நேராது. நான்கையும் நான்கு தனிக் கட்டடங்களாகப் பார்ப்பதைவிட, ஒரு படையெடுப்பின் அடுத்தடுத்த கட்டங்களாகப் பார்ப்பதே பொருத்தம்.

சுருக்கமாகச் சொல்கிறேன். 1267இல் மான்ட்கோமரி உடன்படிக்கையின் வழியே, குவினெத் நாட்டின் தலைவரான லிவெலின் அப் கிரிஃபித்தை வேல்ஸ் இளவரசராக இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி ஏற்றுக்கொண்டார். ஹென்றியின் மகன் எட்வர்டு அரியணை ஏறியபின், லிவெலின் அவர் முன் வந்து பணிவுறுதி செய்ய மறுத்தார். 1277இல் போர் மூண்டது. அந்தப் போரின் விளைவாகத்தான் ஃபிளின்ட், ரிட்லன் முதலிய முதல் தொகுதிக் கோட்டைகள் எழுந்தன. 1282இல் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய இரவில் லிவெலினின் தம்பி டாவித் ஹாவர்டன் கோட்டையைத் தாக்கியதும் இரண்டாம் போர் தொடங்கிற்று. அவ்வாண்டு டிசம்பர் 11ஆம் நாள் லிவெலின் கொல்லப்பட்டார்; அடுத்த ஆண்டு டாவித் பிடிபட்டு ஷ்ரூஸ்பரியில் கொடூரமாகத் தூக்கிலிடப்பட்டார். 1283 மார்ச்சில் எட்வர்டின் படை கான்வி ஆற்றைக் கடந்த சில நாட்களிலேயே கோட்டைக்கு அகழி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். ஹார்லெக், கயர்நார்வன் இரண்டும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டவை. பியூமாரிஸ் மட்டும் 1295இல், மடோக் அப் லிவெலின் தலைமையில் நடந்த பெரும் எழுச்சியை ஒடுக்கிய பிறகு தொடங்கப்பட்டது.

இப்போது வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கோட்டையும் கடலையோ, கப்பல் வரக்கூடிய ஆற்றுமுகத்தையோ ஒட்டியிருக்கும். மலைநாட்டின் நடுவே ஒரு கோட்டையைக் கட்டினால் சுற்றியுள்ள மக்கள் எழும்போது தரைவழியே தானியம் கொண்டு செல்ல முடியாது. கடல் கையிலிருக்கும்வரை முற்றுகை பலிக்காது என்பதே எட்வர்டின் கணக்கு. ரிட்லனில் இதற்காக இரண்டு மைலுக்கும் மேலான நீளத்துக்குக் கிளுயிட் ஆற்றையே வெட்டி நேராக்கிக் கப்பல் வரச் செய்தார்கள். ஹார்லெக் இன்று கடலிலிருந்து விலகி, மணல்மேட்டுச் சமவெளிக்கு மேலே பாறையில் நிற்கிறது. கட்டிய காலத்தில் பாறையின் அடிவாரம்வரை நீர் வந்தது. அங்கிருந்து கோட்டைக்கு ஏறும் அரணமைந்த படிவழி இன்றும் இருக்கிறது. 1294 எழுச்சியின்போது ஹார்லெக் கோட்டை பிடிபடாமல் தப்பியதற்கு அயர்லாந்திலிருந்து கடல்வழியே வந்த உணவே காரணம்.

மகளுக்குக் கான்வியை முதலில் காட்டுங்கள் என்பேன். எட்டுப் பெருங்கோபுரங்கள், அவற்றில் உள்முற்றத்தைச் சூழ்ந்த நான்கின் தலையில் மட்டும் சிறு கண்காணிப்புக் கோபுரங்கள் இருக்கும். அந்த நான்குக்குள்தான் அரசனின் இருப்பிடம் இருந்தது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கே அரசன் எங்கே தங்குகிறான் என்று தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். மரத் தளங்கள் எல்லாம் அழிந்துவிட்டன. ஆகவே ஒரு கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், எட்ட முடியாத உயரத்தில் சுவரில் ஓர் அடுப்பு, அதன் பக்கத்தில் ஒரு வாசல், அதற்கு மேல் உத்திரங்கள் செருகியிருந்த குழிகள் வரிசையாகத் தெரியும். அந்தக் குழிகளை வைத்து எத்தனை மாடிகள் இருந்தன என்று மகளையே எண்ணச் சொல்லுங்கள்.

யோகன், லொசான்

கலைச்செல்வி அக்காவுக்கு வணக்கம். மதிலோரம் ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் வாழும் சுவிட்சர்லாந்தின் லெமான் (ஜெனீவா) ஏரிக்கரைக்கும் அந்த வேல்ஸ் கோட்டைகளுக்கும் நேரடி உறவு உண்டு. இங்கிருக்கும் நம்மவர்களில்கூடப் பலருக்கு அது தெரிவதில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்பகுதி சவாய் பிரபுக்களின் ஆட்சியில் இருந்தது. எட்வர்டின் தாய் எலினோர், தாய்வழியில் சவாய் குடும்பத்தைச் சேர்ந்தவர். எட்வர்டின் கோட்டைப் பணிகளுக்குத் தலைமை ஏற்ற ஜேம்ஸ், சவாயில் பணியாற்றிய கல்தச்சர். லியோனுக்கு அருகிலுள்ள செயின்ட் ஜார்ஜ் தெஸ்பெராஞ்ச் என்னும் ஊரின் பெயரால்தான் ஆங்கிலேய ஆவணங்களில் அவர் செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸ் என்று வழங்கப்படுகிறார். 1260களின் தொடக்கத்தில் இங்கே இவெர்டான் கோட்டை கட்டப்பட்டபோது, அவர் தம் தந்தை ஜானுடன் அங்கு வேலை செய்ததைக் கணக்கேடுகள் காட்டுகின்றன. இவெர்டான் கோட்டை இன்றும் ஊர் நடுவே நான்கு மூலைகளிலும் வட்டக் கோபுரங்களோடு நிற்கிறது. 1278இல் ஜேம்ஸ் இங்கிலாந்து ஆவணங்களில் தோன்றுகிறார். பின்னர் அவருக்கு நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங் ஊதியம் வாழ்நாள் முழுவதற்குமாக உறுதியளிக்கப்பட்டது. ஒரு கல்தச்சருக்கு அது மிக உயர்ந்த தொகை.

அவர் மட்டும் வரவில்லை. வட வேல்சின் முதல் தலைமை நீதிபதியாக எட்வர்டு அமர்த்திய கிராண்ட்சன் ஊர் ஓட்டோ இப்பக்கத்துப் பிரபு. அவருடைய கல்லறை லொசான் பேராலயத்துக்குள் இருக்கிறது. ஹார்லெக் கோட்டையின் தலைவராக இருந்த ஜான் தெ பொன்வில்லார் இவ்வட்டாரத்தவர்தான். 1287இல் அவர் இறந்தபின் அவருடைய மனைவி ஆக்னஸ் அப்பொறுப்பை 1290வரை வகித்தார். உங்கள் மகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்: கைப்பற்றப்பட்ட நாட்டில், எல்லையோரக் கோட்டை ஒன்றின் பொறுப்பு மூன்று ஆண்டுகள் ஒரு பெண்ணின் கையில் இருந்தது. அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்தவர் ஜேம்சே.

கான்வியில் மதில்களின் உச்சியை உற்றுப் பாருங்கள். அங்கங்கே எஞ்சியிருக்கும் ஞாயில்களின் (மதில் உச்சியில் பற்கள்போல் நிற்கும் மேடுகளின்) மேல் சிறு கூர்முனைக் கற்கள் மும்மூன்றாக நிற்கும். அந்த அலங்காரம் பிரிட்டனில் அரிது. சவாய் நாட்டுக் கோட்டைகளில் கண்டது. அரைவட்டமாக வளைந்த வாசல்களும் அப்படியே.

தென்றல், கார்டிஃப்

இந்த இழையில் ஒரு பக்கம் மட்டுமே பேசப்படுகிறது என்பதால் எழுதுகிறேன். கட்டியவர், செலவு, அலங்காரம் எல்லாம் வந்துவிட்டன. யாருக்கு எதிராகக் கட்டப்பட்டன என்பது ஒரு பத்தியில் முடிந்துவிட்டது. நான் பல ஆண்டுகளாக வேல்சில் வாழ்கிறேன், வெல்ஷ் மொழியும் கற்றிருக்கிறேன். இங்குள்ள நண்பர்கள் பலருக்கு இந்த நான்கு கோட்டைகளும் பெருமையும் வேதனையும் கலந்த இடங்கள்.

கான்வி கோட்டையும் அதன் நகரமும் வெற்றிடத்தில் எழுந்தவை அல்ல. அங்கே அபர்கான்வி மடாலயம் இருந்தது. குவினெத் அரச குடும்பத்தின் புனித இடம் அது. லிவெலின் அப் கிரிஃபித்தின் தாத்தாவும் பேரரசர் போல் மதிக்கப்பட்டவருமான லிவெலின் அப் யோர்வர்த் 1240இல் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். எட்வர்டு துறவிகளைப் பள்ளத்தாக்கில் எட்டு மைல் உள்ளே மைனன் என்ற இடத்துக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். லிவெலினுடையது என்று போற்றப்படும் கல் சவப்பெட்டி இன்று லான்ருஸ்ட் தேவாலயத்தில் வெறுமையாக இருக்கிறது. பியூமாரிஸ் கட்டுவதற்காக, செழித்திருந்த லான்வைஸ் என்னும் வெல்ஷ் துறைமுக ஊரின் மக்களை ஆங்கிள்சி தீவின் மறுகோடிக்குக் குடிபெயர்த்தார்கள். அவ்வாறு உருவானதே நியூபரோ. இஸ்டும்குவெர்னில் இருந்த லிவெலின் அப் கிரிஃபித்தின் மர மண்டபத்தைப் பிரித்துக் கொண்டுவந்து ஹார்லெக் கோட்டைக்குள் நிறுவினார்கள். டோல்பதார்ன் கோட்டையின் மரங்களைக் கழற்றிக் கயர்நார்வனுக்கு எடுத்துச் சென்றார்கள். தோற்ற அரசனின் வீட்டுக் கூரையைப் பிரித்து வென்றவன் தன் வீட்டுக்குப் போட்டுக்கொள்வதைப் போன்ற செயல் இது. மரத்தின் தேவைக்காக மட்டும் செய்ததாக என்னால் நினைக்க முடியவில்லை.

மதில் சூழ்ந்த அந்நகரங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள் ஆங்கிலேயர்கள். 1294 எழுச்சியில் மடோக்கின் ஆட்கள் கயர்நார்வன் நகர மதிலைத் தாண்டிப் புகுந்து, ஷெரிஃபாக இருந்த ரோஜர் தெ பூல்ஸ்டனைக் கொன்று, கட்டி முடியாத கோட்டைக்குத் தீ வைத்தது எதனால் என்று புரிந்துகொள்ள வேண்டும். எழுச்சிக்குப் பின் வெல்ஷ் மக்கள் அந்நகரங்களில் நிலம் வைத்திருக்கவும் படைக்கலம் ஏந்தி வரவும் தடை போடப்பட்டது.

ஆகவே என் பரிந்துரை: நான்கில் ஒன்றைக் குறைத்துவிட்டு, வெல்ஷ் இளவரசர்கள் கட்டிய கோட்டை ஒன்றையாவது பாருங்கள். லான்பெரிஸ் ஏரிக்கரையில் டோல்பதார்னின் வட்டக் கோபுரம் தனியாக நிற்கிறது. டொல்வித்தெலான் மலைவழியைக் காத்த சதுரக் கோபுரம். அதன் உச்சி மதில் 19ஆம் நூற்றாண்டில் புதுப்பித்துக் கட்டியது, கீழ்ப்பகுதி பழையது. இவை சிறியவை. எட்வர்டு எதை வென்றார் என்பது அந்தச் சிறுமையைப் பார்த்தபின்தான் நமக்கு உறைக்கும்.

சேரலாதன், லீட்ஸ்

தென்றல் சொன்னது நியாயமான கண்டிப்பு. நான் கட்டுமானப் பொறியாளர். என் கண் எப்போதும் வேலை செய்தவர்களின் பக்கமே போகும், ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

1296 பிப்ரவரியில், பியூமாரிஸ் பணியிலிருந்து ஜேம்சும் கணக்கராக இருந்த வின்செஸ்டர் வால்டரும் அரசுக் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. ஒரு வாரத்தில் இவ்வளவு பணம் எங்கே போகிறது என்று நீங்கள் வியக்கக்கூடும் என்று தொடங்கி, வேலையிலுள்ளவர்களை அடுக்குகிறார்கள்: கல் செதுக்குவோரும் கட்டுவோருமாக 400 கொத்தர்கள், 2,000 சிற்றாட்கள், கல்லுடைப்போர் 200 பேர், கொல்லர்கள் 30 பேர், 100 வண்டிகள், 60 பாரவண்டிகள், கல்லும் நிலக்கரியும் ஏற்றிவரும் 30 படகுகள். கூலி பல வாரங்களாகப் பாக்கி. ஆட்கள் பிழைக்க வழியின்றி விலகிப் போகிறார்கள், அவர்களைப் பிடித்து வைத்திருப்பதே பெரும்பாடு என்றும் அதில் இருக்கிறது. ஏழு நூற்றாண்டுகளுக்கு முந்தைய கட்டுமானத் தள அறிக்கை அது. என் தொழிலில் இருப்பவர் எவரும் அதன் ஒவ்வொரு வரியையும் புரிந்துகொள்வார்.

பணம் முதலில் இத்தாலியின் லூக்கா நகரத்து ரிக்கார்டி வணிகர்கள் வழியாக வந்தது. கம்பளி ஏற்றுமதி வரியைப் பிணையாக வைத்து அவர்கள் எட்வர்டுக்குக் கடன் கொடுத்து வந்தார்கள். 1294இல் பிரான்சுடன் போர் மூண்டபோது அந்த ஏற்பாடு முறிந்து ரிக்கார்டிகள் நொடித்துப் போனார்கள். பியூமாரிஸ் தொடங்கிய நேரமே தவறான நேரம். கொஞ்ச காலத்தில் ஸ்காட்லாந்துப் போர் எஞ்சிய பணத்தையும் இழுத்துக்கொண்டது. 1330வரை விட்டுவிட்டு வேலை நடந்தும், கோபுரங்கள் நினைத்த உயரத்தை எட்டவேயில்லை. அங்கே போய் நிற்கும்போது மதில்கள் அகலமாகவும் கட்டையாகவும் தோன்றுவதன் காரணம் இதுதான். கருவூலம் கைவிட்ட உயரத்தில் அக்கோட்டை நின்றுவிட்டது. கான்விக்கு ஏறத்தாழ 15,000 பவுண்டும், கயர்நார்வனுக்கு 20,000க்கும் 25,000க்கும் இடைப்பட்ட தொகையும், வேல்ஸ் கோட்டைகள் எல்லாவற்றுக்குமாக எட்வர்டு ஏறத்தாழ 80,000 பவுண்டும் செலவிட்டதாக வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அன்று ஒரு சிற்றாளின் நாட்கூலி இரண்டு பென்சு அளவில் இருந்ததையும், 240 பென்சு ஒரு பவுண்டு என்பதையும் வைத்து அதன் பளுவை நீங்களே கணக்கிடலாம்.

கயர்நார்வன் உள்முற்றத்தில், சுவரிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். சிதைந்த சுவரென்று பலர் கடந்து போகிறார்கள். குறுக்குச் சுவர் ஒன்றைப் பிணைத்துக் கட்டுவதற்காக விட்டுவைத்த கற்கள் அவை. அந்தச் சுவர் வரவேயில்லை. ஹார்லெக், கான்வி கோபுரங்களின் வெளிப்புறத்தில் சிறு துளைகள் சரிவாக ஏறிச் செல்லும் கோடாகத் தெரியும். சாரக்கட்டைகள் செருகிய துளைகள் அவை. ஆங்கிலேயக் கொத்தர்கள் பொதுவாகக் கிடைமட்டமாகவே சாரம் கட்டினார்கள். இங்கே கோபுரத்தைச் சுற்றிச் சாய்தளமாகக் கட்டியிருக்கிறார்கள். கனமான கற்களைத் தூக்காமல் இழுத்தே மேலே கொண்டுபோக அது வசதி. யோகன் சொல்லும் சவாய் பகுதியில் வழங்கிய முறை இது.

மதிலோரம், செஸ்டர்

தென்றல், உங்கள் பதிவை முழுமனதோடு வரவேற்கிறேன். ஒன்றில் மட்டும் வேறுபடுகிறேன். நான்கில் ஒன்றைக் குறைக்கச் சொல்வதைவிட, அந்த நான்கின் கதையிலேயே வெல்ஷ் மக்கள் எங்கே வருகிறார்கள் என்று காட்டுவது நல்லது. ஏனெனில் அவர்கள் இக்கோட்டைகளைப் பிடித்தும் இருக்கிறார்கள். 1401இல் பெரிய வெள்ளியன்று, கான்வியின் காவற்படையில் பெரும்பாலோர் தேவாலயத்தில் இருந்த நேரத்தில், டூடர் சகோதரர்களான ரீசும் குவிலிமும் கோட்டையைக் கைப்பற்றினார்கள். தச்சர் வேடத்தில் உள்ளே புகுந்ததாகக் கூறப்படுகிறது. இங்கிலாந்து அரியணையில் பின்னாளில் அமர்ந்த டூடர் மரபுக்கு இவர்கள் நெருங்கிய உறவினர்கள். 1404இல், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து எழுந்த வெல்ஷ் தலைவர் ஓவெய்ன் கிளின்டூர் ஹார்லெக்கைப் பிடித்து, தம் குடும்பத்தையும் அவையையும் அங்கே வைத்து ஆண்டார். 1409வரை அது அவர் கையில் இருந்தது. எட்வர்டு யாரை அடக்கக் கட்டினாரோ அவர்களே அதற்குள் அரசவை நடத்தியதை ஹார்லெக்கில் நின்று மகளுக்குச் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

ஜேம்சைப் பற்றியும் ஒரு சொல். எல்லாக் கோட்டைகளையும் வரைந்தவர் அவரே என்ற கருத்து நீண்ட காலம் வலுவாக இருந்தது. அவர் முதன்மையாகப் பெரும்பணிகளை ஒருங்கிணைத்த நிர்வாகி. வடிவமைப்பில் ஆங்கிலேயக் கல்தச்சர்களுக்கும் பங்கு பெரிது என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். கயர்நார்வனைப் பார்த்தால் எனக்கு இரண்டாம் கருத்தே சரியெனப் படுகிறது. கான்வியிலும் ஹார்லெக்கிலும் கோபுரங்கள் உருண்டவை. கயர்நார்வனில் பல பக்கங்கள் உடையவை, சுவரில் வெளிர்நிறக் கல்லுக்கு இடையே கருநிறக் கல் பட்டை பட்டையாக ஓடுகிறது. கான்ஸ்டான்டினோபிளின் தியடோசிய மதிலை நினைவூட்டும்படி அரசன் விரும்பிச் செய்தது என்று பரவலாக நம்பப்படுகிறது. ஊரின் மேட்டில் செகோன்டியம் என்ற ரோமானியப் படைமுகாமின் இடிபாடுகள் இருப்பதையும், ரோமானியப் பேரரசர் மாக்சிமுசை இவ்வூரோடு இணைக்கும் வெல்ஷ் கதைகள் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், எட்வர்டு வெல்ஷ் மக்களின் பழங்கதையையும் சேர்த்துக் கைப்பற்ற முனைந்தார் என்றே நான் கருதுகிறேன்.

கலைச்செல்வி, பர்மிங்காம்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மகள் முழு இழையையும் படித்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்கச் சொன்னாள். கோபுரப் படிகள் எல்லாம் வலச்சுழியாக ஏறுவது, கீழிருந்து வரும் எதிரியின் வாள் வீச்சைத் தடுக்கவே என்று அவளுடைய பாடக் குறிப்பில் இருக்கிறது, அது உண்மையா? வாயிலின் மேல்தளத் துளைகள் வழியாகக் கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள் என்பதும் உண்மையா? மாமனார் எந்தக் கோட்டைக்குள் எளிதாகச் செல்ல முடியும் என்பது என் கேள்வி.

சேரலாதன், லீட்ஸ்

படிகளைப் பற்றிய அந்த விளக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டுப் பரவியது. இடைக்கால ஆவணம் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. வலச்சுழிப் படிகள் மிகுதி என்பது உண்மை. ஆனால் இடச்சுழிப் படிகளும் இங்கிலாந்திலும் வேல்சிலும் கணிசமாக உள்ளன, கயர்நார்வனிலேயே காணலாம். பகைவன் கோபுரப் படிவரை வந்துவிட்டால் கோட்டை ஏறத்தாழ வீழ்ந்துவிட்டது என்றே பொருள். அங்கே இரண்டு பேர் நின்று வாள் சுழற்றுவதற்காக ஒரு தலைமைக் கல்தச்சர் திட்டமிட்டிருப்பார் என்று என்னால் ஏற்க முடியவில்லை. வாசல் எந்தப் பக்கம், சாளரம் எந்தப் பக்கம் என்பவைதான் படியின் திசையைத் தீர்மானித்திருக்கும்.

எண்ணெய் விலை உயர்ந்த பொருள். வாயில் மேல்தளத் துளைகள் வழியே கல்லும் சுடுநீரும் விழுந்திருக்கலாம். மரக்கதவுக்கு எதிரி தீ வைத்தால் அதை அணைக்கத் தண்ணீர் ஊற்றவும் அதே துளைகள்தான் உதவும்.

மகள் உண்மையான பாதுகாப்பு நுட்பத்தைப் பார்க்க விரும்பினால், கயர்நார்வனின் வடக்கு மதிலுக்குள் செல்லட்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு குறுகிய அம்புத்துளை தெரியும். உள்ளே சென்றால் அந்த ஒரே துளையை நோக்கி ஒன்றுக்கு மேற்பட்ட மாடங்கள் சாய்வாக வந்து சேர்வது தெரியும். இரண்டு மூன்று வில்லாளிகள் தனித்தனியே நின்று, ஒரே துளை வழியாக வெவ்வேறு திசைகளில் எய்யலாம். எதிரிக்கு இலக்காக இருப்பது ஒரு கோடளவு இடைவெளி மட்டுமே. 1294இல் எரிபட்ட பிறகு, ஊரை நோக்கிய அந்தப் பக்கத்தைத்தான் இவ்வளவு கவனமாகக் கட்டினார்கள்.

யோகன், லொசான்

மாமனாருக்குக் கயர்நார்வன்தான் மிகவும் ஏற்றது. அங்கே அரச வாயிலில் அண்மையில் மின்தூக்கி அமைத்திருக்கிறார்கள். படியேற முடியாதவர்களும் மேல்தளம்வரை சென்று பார்க்கலாம். ஹார்லெக்கில் 2015இல் திறந்த நடைபாலம் வழியாகப் படிகளின்றி முற்றத்துக்குள் போகலாம். பியூமாரிஸ் சமதரையில் இருப்பதால் கீழ்த்தளம் முழுவதும் நடந்து பார்க்க முடியும். கான்விதான் அவருக்குக் கடினம். ஆற்றங்கரையிலிருந்து முழுக்கோட்டையையும் பார்த்தபடி அமர்ந்திருக்கலாம். அங்கே டெல்ஃபோர்டு 1826இல் கட்டிய தொங்குபாலம் கோட்டை வாசலையே முட்டுவதுபோல் நிற்பதும் காணத்தக்கது.

தென்றல், கார்டிஃப்

அந்த மின்தூக்கியைப் பற்றி இங்கே சிலர் வருந்துகிறார்கள். பழங்கட்டடத்தின் தன்மை கெட்டுவிட்டது என்பது அவர்கள் குறை. எனக்கு அதில் உடன்பாடில்லை. இக்கோட்டைகள் எக்காலத்திலும் மாறாமல் இருந்தவை அல்ல; உள்நாட்டுப் போருக்குப் பின் கான்வியின் ஒரு கோபுரத்தை வேண்டுமென்றே இடித்தார்கள், 1665இல் அதன் உரிமையாளரே கூரையின் ஈயத்தையும் இரும்பையும் கழற்றி விற்றார், பிறகு ரயில் பாதை போட்டவர்கள் அந்த இடிந்த கோபுரத்தைச் சீர்படுத்திக் கட்டினார்கள். ஒரு முதியவர் மேலே ஏறி மெனாய் நீரிணையைப் பார்ப்பதற்காகச் செய்யும் மாற்றம் இவை எல்லாவற்றிலும் நல்ல மாற்றம்.

சேரலாதன், லீட்ஸ்

நான் சற்று மாறுபடுகிறேன். தூக்கி வேண்டும், அதில் கேள்வியே இல்லை. ஆனால் மரத்தளங்களையும் கூரைகளையும் எல்லாக் கோட்டைகளிலும் புதிதாகப் போடத் தொடங்கினால், மதிலோரம் மேலே சொன்ன உத்திரக் குழிகளும் தொங்கும் அடுப்புகளும் மறைந்துபோகும். கட்டடத்தின் உள்ளமைப்பை அறுத்துக் காட்டியதைப் போல் இன்று நாம் காண்கிறோம். ஒரு கோட்டையிலாவது அதை அப்படியே விட்டுவைப்பது கற்பவர்களுக்குச் செய்யும் நன்மை.

மதிலோரம், செஸ்டர்

இருவர் சொல்வதும் ஒன்றையொன்று வெட்டவில்லை. கயர்நார்வன் ஒரு வழியிலும் கான்வி இன்னொரு வழியிலும் இருக்கட்டும்.

கலைச்செல்வி, கார் இல்லாமலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. பர்மிங்காமிலிருந்து கேம்ப்ரியன் பாதையில் மாகின்லெத் வழியாக ரயிலில் ஹார்லெக் செல்லுங்கள். நிலையம் பாறையின் அடியிலேயே இருக்கிறது. மாமனார் மேலே ஏற மட்டும் வாடகைக் கார் வையுங்கள், அந்த ஊர்ச்சாலை மிகச் செங்குத்தானது. அதே ரயில் பாதையில் சற்றுத் தூரம் சென்றால் கிரிக்கியெத். தென்றல் கேட்டது அங்கே நிறைவேறும்: அதன் இரட்டைக் கோபுர வாயிலைக் கட்டியவர் லிவெலின் அப் யோர்வர்த், பிறகு விரிவாக்கியவர் எட்வர்டு, 1404இல் எரித்தவர் கிளின்டூர். அந்தத் தீயின் சூட்டுத் தடம் சுவர்க் கற்களில் இன்றும் இருக்கிறது. அங்கிருந்து போர்த்மடோக் வந்து, குறுகிய பாதை நீராவி ரயிலில் மலைகளின் ஊடே கயர்நார்வன் போகலாம், பேருந்தும் உண்டு. கயர்நார்வனில் தங்கினால் லான்பெரிசுக்குப் பேருந்தில் சென்று டோல்பதார்னைப் பார்த்துத் திரும்பலாம். பாங்கர் வழியாகப் பியூமாரிசுக்கும் பேருந்து இருக்கிறது. கடைசியாகக் கான்வி.

தென்றல், கார்டிஃப்

கான்வி கடைசியில் வருவது எனக்கும் சரியாகப் படுகிறது. கோட்டையைப் பார்த்தபின் நகர மதிலின் மேல் நடக்கத் தவறாதீர்கள். 21 கோபுரங்களோடு ஒரு கிலோமீட்டருக்கும் மேலாக நீளும் அந்த மதில் ஏறத்தாழ முழுமையாக நிற்கிறது. தெற்குப் பக்கத்தில், மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் பன்னிரண்டு கழிவறைகள் ஒரே வரிசையில் இருக்கும். அரசனின் பணியாளர்களுக்காகக் கட்டப்பட்டவை. மகளுக்கு அது நிச்சயம் பிடிக்கும். உங்களுக்கு நேரமிருந்தால் லான்ருஸ்ட் கிளை ரயிலில் அரை மணித் தொலைவுதான். லிவெலினின் கல் சவப்பெட்டியையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கலைச்செல்வி, பர்மிங்காம்

ஹார்லெக், கிரிக்கியெத், கயர்நார்வன், டோல்பதார்ன், பியூமாரிஸ், கான்வி, லான்ருஸ்ட் என்ற வரிசையையே எடுத்துக்கொள்கிறோம். ரிட்லனை இம்முறை விட்டுவிடுகிறோம். ஹார்லெக்கில் ஆக்னசின் கதையையும் கிளின்டூரின் கதையையும் தானே தாத்தாவுக்குச் சொல்லப்போவதாக மகள் அறிவித்துவிட்டாள். இனி அறைகளைப் பதிவுசெய்ய வேண்டும்.

மதிலோரம், செஸ்டர்

நல்ல முடிவு. வேல்ஸ் அரசின் தொல்சின்னப் பராமரிப்பு அமைப்பான காடூ, பல கோட்டைகளுக்கும் சேர்த்து ஒரே நுழைவுச்சீட்டு விற்கிறது; தனித்தனியே வாங்குவதைவிட அது உங்களுக்குச் சிக்கனமாக இருக்கும். வாங்குமுன் அவர்கள் இணையதளத்தில் ஒவ்வொரு கோட்டையின் திறப்பு நேரத்தையும் பாருங்கள். பலத்த காற்று வீசும் நாட்களில் கோபுர உச்சிகளை மூடிவிடுவார்கள். கான்வி ரயில் நிலையத்தில், கேட்டால் மட்டுமே வண்டி நிற்கும். ஏறியதும் நடத்துநரிடம் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் இருந்தால் மதிலைச் சன்னலில் பார்த்தபடியே கடந்து போய்விடுவீர்கள்.